சிவப்பும் பச்சையும்: கண் கண்டதும் நாச் சொன்னதும்

மதவாச்சியிலிருந்து செட்டிகுளத்தினூடாகத் தலைமன்னாரை அடையும் இருப்புப்பாதை 1914 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனோடு செட்டிகுளத்துக்குப் புதியதொரு கட்டளைமொழியும் வந்தது. சிவப்பு விளக்கு 'நில்' என்றது. பச்சை விளக்கு 'செல்' என்றது. குளத்து நீரை நம்பி நெல் விளைத்த உழவனுக்கு இவ்விரு நிறங்களையும் பிரித்தறியாத கண்ணால் பெருங்கேடில்லை. கதிர் முற்றியதைக் கையாலும் அறியலாம். இரவில் வண்டி செலுத்துவோனுக்கோ அக்குறை பலர் உயிரோடு தொடர்புடையது.

இவ்வச்சம் வலுப்பெற்றது சுவீடனிலாகும். 1875 நவம்பரில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு புகையிரதங்கள் மோதி ஒன்பதின்மர் மாண்டனர். உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோல்ம்கிரென், நிறக்குருடு இதற்குக் காரணமாகலாம் என ஐயுற்றார். அவ்வையம் மெய்ப்பிக்கப்படவில்லை, எனினும் அவர் பரப்பிய சோதனை நிலைத்தது. பல நிறக் கம்பளி நூற்கற்றைகளைப் பரப்பி, ஒன்றைக் காட்டி, அதனை ஒத்தவற்றைத் தெரிந்தெடுக்கச் செய்வார். நிறத்தின் பெயரைக் கேட்பதில்லை. இலையைப் பச்சையென்று சொல்ல நிறக்குருடனும் இளமையிலேயே பழகிவிடுகின்றான் அன்றோ! நா மறைத்ததை நூல் வெளிப்படுத்தியது.

அந்நூற்கற்றைகள் தமிழகத்துக்கும் வந்தன. 1901-02 இல் நீலகிரித் தோடரை ஆராய்ந்த றிவேர்ஸ், ஆடவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் சிவப்பையும் பச்சையையும் மயங்குவோர் எனக் கண்டார். ஐரோப்பிய ஆடவருள் இத்தொகை 8 அளவினதே. தமக்குள்ளேயே மணம் புரியும் சிறு குடியில் பரம்பரைக் குறை மிகுதல் கூடும். விழித்திரையின் மூவகைக் கூம்புக் கலங்கள் தரும் குறிப்புகளைக் கண்ணும் மூளையும் ஒப்புநோக்குவதாலேயே நிறவுணர்வு பிறக்கின்றது; ஒருவகை பழுதுற்றால் அவ்வொப்புநோக்கும் குன்றும். இதற்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால், ஓர் எக்ஸ் மட்டும் உடைய ஆடவரே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.

ஆயினும் றிவேர்சே முன்னர் ஓரிடத்தில் வழுக்கியிருந்தார். 1898 இல் தொறெஸ் நீரிணைத் தீவினரை ஆராய்ந்தபோது, நீலத்துக்குரிய சொல் அவர்களிடம் தெளிவுறாமையை அவர்தம் கண்ணின் மந்தத்தோடு தொடர்புபடுத்தினார். கருவியால் அளந்தும் காட்டினார். 1916 இல் டிச்சனர் அச்சோதனைகளின் முறையையே கண்டித்தார்.

சொல்லைக் கொண்டு கண்ணை அளப்பதாயின், திருமாலைக் கரியன் என்றும் நீலவண்ணன் என்றும் பச்சை மேனியன் என்றும் பாடிய அடியார் அனைவரும் குறைக்கண்ணர் ஆவர்! செட்டிகுளத்து உழவனும் பழுக்காத காயையும் அவிக்காத அரிசியையும் பச்சை என்றே சொல்கின்றான். காயின் நிறத்தை அரிசியிற் கண்டதனால் அன்று.