கழட்டி மாட்டும் லாடம்

மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ஐந்து ரோட்டிலிருந்து ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வரும் வழியில் ஒரு மாட்டு வண்டி. செங்கல் பாரம். வலத்து மாடு முன்னங்கால் வழுக்கி முட்டி போட்டுவிட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறது, மறுபடி வழுக்குகிறது. எனக்கு ஒன்பது வயசு. அப்பாரு என் கையை விட்டுவிட்டு ஓடினார். முதலில் பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார். பிறகு வண்டியில் கிடந்த சாக்கை இழுத்து மாட்டின் காலடியில் விரித்தார். மாடு சாக்கில் குளம்பை ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து நின்றது.

“லாடம் புதுசுங்க, போன வாரந்தான் கட்டுனது” என்றார் வண்டிக்காரர், ஏதோ தன்மேல் தப்பில்லை என்பதுபோல.

“அதனாலதானுங்க வழுக்குது” என்றார் அப்பாரு.

இந்த பதில் ரொம்ப வருஷம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. காலைக் காப்பாற்றப் போடும் லாடம் எப்படிக் காலை வாரிவிடும்?

அப்பாருவுக்கு ராசிபுரம் பக்கம் கொஞ்சம் நிலம். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சேகோ மில்லுக்கு வண்டி ஓட்டியவர். அவர் சொல்லித்தான் தெரியும்: மண் பாதையில் நடக்கும் மாட்டுக்கு லாடம் அவசியமே இல்லை. குளம்பு நம் நகம் மாதிரி, தேயத் தேய வளரும். ஜல்லி ரோடும் தார் ரோடும் வந்த பிறகு வளர்வதைவிடத் தேய்வது அதிகமாகிவிட்டது. அப்போதுதான் இரும்பு வேண்டியிருக்கிறது. மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு, ஒரு மாட்டுக்கு எட்டு, ஒரு ஜோடிக்குப் பதினாறு லாடம். குதிரை மூன்று காலில் நின்றுகொண்டு நாலாவது காலைக் கொடுக்கும். மாடு கொடுக்காது. கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவி, ஆணி அறைய வேண்டும். ஆணி குளம்பின் ஓரத்துச் செத்த பகுதியில் ஏறி வெளியே வந்தால் மாட்டுக்கு வலியில்லை. ஒரு நூல் உள்ளே போய்விட்டால் ‘உயிர்ல ஏறிருச்சு’ என்பார்கள். மாடு நொண்ட ஆரம்பித்துவிடும். போலீஸ் பாஷையில் ‘லாடம் கட்டுறது’ என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். மாட்டைச் சாய்த்துக் கட்டுவதை ஒருமுறை பார்த்தால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, இரும்பு தேய்மானத்துக்கு மருந்து. ஆனால் ஈரத் தாரில், வழவழத்த கல்லில் இரும்புக்குப் பிடிமானம் கிடையாது. குளம்பு கொஞ்சம் நெகிழ்ந்து தரையைக் கவ்வும், இரும்பு கவ்வாது. ஒரு தரைக்காகப் போட்ட லாடம் இன்னொரு தரையில் எதிரியாகிவிடுகிறது. தரை நாளுக்கு நாள் மாறும், லாடமோ ஆணி அறைந்து இருக்கிறது. அப்படியானால் கழட்டி மாட்டுகிற மாதிரி ஒன்றை யாராவது செய்திருக்க வேண்டுமே? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனவன், சேலத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனிக்கட்டிக்குள் போய் விழுந்தேன்.

நம் மொழியில் பனி என்றால் முதலில் புல் நுனியில் நிற்கும் துளி. அப்புறம் மார்கழிக் காலையில் சேர்வராயன் மலையை மறைக்கும் மூட்டம். உறைந்து தரையாகவே மாறிவிடும் பனியை நான் பார்த்தது சினிமாவில்தான். அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குதிரைக்குப் பனியில் இரண்டு ஆபத்து. ஒன்று, கெட்டியான பனிக்கட்டி. அதில் இரும்பு லாடம் வழுக்கும், கூர்மை வேண்டும். இன்னொன்று, பொலபொலவென்ற புதுப்பனி. அதில் குளம்பு வயிறுவரை புதையும், அகலம் வேண்டும். போதாக்குறைக்கு லாடத்தின் குழிவில் பனி அடைத்துக்கொண்டு உருண்டையாகிவிடும். குதிரை பந்துமேல் நிற்பதுபோல நிற்கும்.

கழட்டி மாட்டுவது என்ற யோசனை ஆணிக்கு ஒன்றும் புதியதல்ல. ரோமானியர் ஆண்ட கால் நாட்டிலும் பிரிட்டனிலும் இரும்புத் தகட்டில் கொக்கி வைத்து, வாரால் காலில் கட்டும் குதிரைச் செருப்புகள் மண்ணுக்கடியில் கிடைத்திருக்கின்றன. எதற்குப் பயன்பட்டன என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஜப்பானில் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை குதிரைக்கு வைக்கோல் செருப்பு. தேய்ந்தால் கழட்டி எறிந்துவிட்டு வேறொன்று. அப்பாரு விரித்த சாக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

பனிக்கட்டிக்கு ஐரோப்பியர் முதலில் செய்தது, லாடத்தின் முனையைக் கீழ்நோக்கி மடித்துக் கூராக்குவது, அல்லது சாதாரண ஆணியைப் பிடுங்கிவிட்டுக் கூர்த்தலை ஆணி அடிப்பது. இரண்டிலும் ஒரே தொல்லை. பனி இல்லாத கல் ரோட்டில் கூர் சீக்கிரம் மழுங்கிவிடும். லாயத்தில் கூரோடு நின்றால் குதிரை தன் காலையே கிழித்துக்கொள்ளும். ஆக, ஒவ்வொரு உறைபனிக்கும் கொல்லரிடம் ஓட வேண்டும். ஒரே ராத்திரியில் ஊரே உறைந்துவிட்டால் மறுநாள் காலை எல்லாக் குதிரையும் ஒரே பட்டறை வாசலில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் இதற்குச் சரியான விடை பரவலாகிறது. லாடத்தில் மரை வெட்டிய துளைகள் போட்டுவிடுவது. பனி விழுந்தால் வண்டிக்காரரே கூர்முளைகளைத் திருகி மாட்டுவார். உருகினால் கழட்டிப் பையில் போட்டுக்கொள்வார். முதல் உலகப்போரில் ராணுவக் குதிரைகளுக்கும் இப்படிக் கழட்டி மாட்டும் முளைகள் இருந்தன. லாடம் அப்படியே இருக்கும், தரைக்கேற்ற பாகம் மட்டும் மாறும். எவ்வளவு எளிது! ஆணி அடிக்கும் வித்தை தெரியாதவர்கூட செய்யலாம்.

ஆனால் இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கண்டுபிடிப்பு அல்ல. கையில் இருந்தும் உதவாமல் போன சமயங்கள்.

1812-ல் நெப்போலியன் மாஸ்கோவுக்குப் போனபோது அவருடைய குதிரைகளுக்குப் பொறுப்பாளர் கோலங்கூர். ரஷ்யாவில் சில வருஷம் தூதராக இருந்தவர், அந்த ஊர்க் குளிரைக் கண்ணால் பார்த்தவர். குளிரைப் பற்றி அவர் எச்சரித்தபோது பேரரசர் கேலி செய்தார். கோலங்கூர் விடவில்லை. தன் பொறுப்பில் இருந்த அரண்மனைக் குதிரைகளுக்கு மட்டும் பனிக்கட்டிக்கான கூர் லாடம் போட வைத்தார். அக்டோபர் 19 அன்று மாஸ்கோவை விட்டுக் கிளம்பிய படை நவம்பரில் பனியில் மாட்டிக்கொண்டது. மற்ற குதிரைகள் சின்னச் சரிவில்கூட ஏற முடியாமல் விழுந்தன. குதிரை விழுந்தால் பீரங்கி நின்றது, சாப்பாட்டு வண்டி நின்றது. அந்தப் படை அழிந்ததற்குக் காரணம் லாடம்தான் என்று சொன்னால் அது அபத்தம். பசி இருந்தது, நோய் இருந்தது, எதிரி இருந்தான். ஆனால் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் கோலங்கூர் திரும்பத் திரும்ப லாடத்துக்கு வந்து நிற்கிறார். சொல்லியும் கேட்காத கோபம் அதில் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது நம் பக்கத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாததையும் சொல்கிறார். சோற்றைக் கறியோடு வேகவைத்துப் போட்டார்களாம். அதைவிட முக்கியம் அடுத்து வருவது. குதிரை விற்ற வியாபாரிகள் லாடமும் வைத்தியமும் தெரிந்த ஆளைக் கூட்டிவருவதில்லை, வரவும் விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை! போலோ கொஞ்சம் மிகைப்படுத்தும் ஆள். ஆனாலும் இந்த வியாபாரத் தந்திரத்தை நம்புவதற்கு எனக்குச் சிரமமே இல்லை. ‘லாடம்’ என்ற சொல்லே ல-வில் தொடங்குகிறது. தமிழ்ச் சொல் அப்படித் தொடங்காது என்பதால் பழைய ஆட்கள் முன்னால் ஒரு இ போட்டு ‘இலாடம்’ என்று எழுதினார்கள். பொருளைப் போலவே பெயரும் எங்கிருந்தோ வந்ததுதான்.

இனி அண்டார்டிகா. ராபர்ட் ஸ்காட் தென்துருவத்துக்குப் போன கதை பலருக்குத் தெரியும். அதில் குதிரைச் செருப்பு வருவது தெரிந்தவர்கள் குறைவு. 1911 ஜனவரி கடைசியில், அடுத்த கோடையில் துருவத்துக்குப் போகும் வழியில் உணவுக் கிடங்குகள் வைக்கக் கிளம்பினார்கள். மட்டக் குதிரைகள் புதுப்பனியில் புதைந்து தவித்தன. அப்போது ‘வியரி வில்லி’ என்ற குதிரைக்குப் பனிச்செருப்பு மாட்டிப் பார்த்தார்கள். வட்டமாக, அகலமாக, முறம் மாதிரி குளம்புக்கடியில் கட்டுவது. அதுவரை திணறிய குதிரை, கெட்டித் தரையில் உலாவுவதுபோல நடந்தது. ஆனால் கையில் இருந்தது ஒரே ஒரு ஜோடி. மற்றதெல்லாம் கேப் எவன்ஸ் குடிலில். இரண்டு பேரை நாய் வண்டியில் திருப்பி அனுப்பினார் ஸ்காட். போய்ப் பார்த்தால், வந்த வழியில் கடல்மேல் உறைந்திருந்த பனி உடைந்து போய்விட்டிருந்தது. செருப்பு அக்கரையில், குதிரை இக்கரையில்.

குதிரைகளுக்குப் பொறுப்பு கேப்டன் ஓட்ஸ். இந்தியாவில் மாவ் ராணுவ முகாமிலிருந்து நேராக இந்தப் பயணத்துக்கு வந்தவர். குதிரைக் காலை நன்றாக அறிந்தவர். ஆனால் அவருக்கு இந்தச் செருப்புகள்மேல் நம்பிக்கையே இல்லை என்று ஸ்காட் எழுதியிருக்கிறார். கோலங்கூரை வைத்து, ‘காலை அறிந்தவன் சொல்வதைக் கேட்காததால் வந்த வினை’ என்று ஒரு அழகான கட்டுரை எழுதத் திட்டமிட்டிருந்தேன். ஓட்ஸ் அதைக் கெடுத்துவிட்டார். தெரிந்தவருக்கும் தெரியாத தரை ஒன்று இருந்திருக்கிறது.

குதிரைகள் தளர்ந்துகொண்டே போயின. 80-ஆவது பாகையில் வைக்க நினைத்த பெரிய கிடங்கை, ‘ஒரு டன் கிடங்கு’ என்பார்கள், 79 பாகை 29 நிமிடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் குறைவு. தளர்ந்த குதிரைகளைக் கொன்றுவிட்டு முன்னே போகலாம் என்று ஓட்ஸ் சொன்னதை ஸ்காட் ஏற்கவில்லை. 1912 மார்ச்சில், துருவம் போய்த் திரும்பும் வழியில், ஓட்ஸ் கூடாரத்தைவிட்டுப் புயலுக்குள் நடந்துபோய் மறைந்தார். ஸ்காட்டும் இன்னும் இருவரும் அந்தக் கிடங்குக்குச் சுமார் இருபது கிலோமீட்டர் முன்னால் கூடாரத்துக்குள் இறந்துபோனார்கள். முதலில் நினைத்த இடத்தில் கிடங்கு இருந்திருந்தால் அதைத் தாண்டியே வந்திருப்பார்கள். பனிச்செருப்பு எல்லாம் கையில் இருந்திருந்தால் கிடங்கு அங்கே போயிருக்குமா? சொல்ல முடியாது. ஆனாலும் வரைபடத்தில் அந்த இரண்டு புள்ளிகளையும் விரலால் அளந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அவர்களைத் தேடிப் போனது யார் தெரியுமா? நம்ம ஊர் கோவேறு கழுதைகள். அடுத்த பருவத்துக்கென்று ஸ்காட் உயிரோடு இருக்கும்போதே இந்திய அரசிடம் கேட்டு வாங்கியவை, சிம்லாவில் பழக்கப்பட்டவை. மொத்தம் ஏழு. பெயர்களைக் கேளுங்கள்: லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப். பனிவெளியின் வெளிச்சத்துக்குக் கண்ணாடிகூட இருந்தது அவற்றுக்கு. தமக்குக் கொடுத்த தீனியை ஒதுக்கிவிட்டு, தேயிலைச் சக்கையையும் கயிற்றையும் தின்றன என்று கூடப்போன செர்ரி-கராட் எழுதியிருக்கிறார். 1912 நவம்பர் 12 அன்று தேடல் குழு அந்தக் கூடாரத்தைக் கண்டுபிடித்தது. உள்ளே மூன்று உடல்கள். ஓட்ஸின் உடல் கிடைக்கவே இல்லை.

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன், குதிரைச் சந்தை பார்க்க. புளியமரத்தடியில் ஒரு பெரியவர் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். குதிரையின் காலை மடக்கித் தன் தொடைமேல் வைத்து, வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு. நான் பக்கத்தில் குந்திக்கொண்டு பனிக் கதையையெல்லாம் சொன்னேன். அவருக்கு எந்த அளவு பிடிபட்டதோ தெரியாது. ‘உம்’ கொட்டிக்கொண்டே வேலையைப் பார்த்தார். கடைசி ஆணியை மடக்கி, அரத்தால் தேய்த்து, குதிரைக் காலை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏனுங் தம்பி, செருப்ப ஊட்லயே உட்டுப்போட்டா கெளம்புனாங்க?”

“ஆமாங்க.”

குதிரையின் அடுத்த காலைத் தட்டிக் கேட்டார். அது தூக்கிக் கொடுத்தது.