கட்சி வேட்பாளரும் அதிருப்தி வாக்காளரும்: அமெரிக்க அதிபர் தேர்தலின் இருநூறு ஆண்டுகள்

கட்சி நிறுத்திய வேட்பாளரைப் பிடிக்காத வாக்காளர் அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் புதியவர் அல்லர். 1787-இல் எழுதப்பட்ட அந்நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் அரசியல் கட்சிகளைப் பற்றிய பேச்சே கிடையாது. அதிபரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அது விரிவாகச் சொல்கிறது. அதிபர் பதவிக்கு யார் யார் போட்டியிடுவது என்பதை யார் தீர்மானிப்பது என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தைக் கட்சிகள் நிரப்பின. முதலில் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள் கூடி வேட்பாளரை அறிவித்தார்கள். பிறகு கட்சி மாநாடுகள் அறிவித்தன. இன்று பிரைமரி எனப்படும் முதல்நிலைத் தேர்தல்களில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு முறை போய் அடுத்த முறை வந்ததற்கு, மேலிருந்து திணிக்கப்பட்ட வேட்பாளரை ஏற்க மறுத்த மக்களின் கோபம் முக்கியக் காரணம்.

மூடிய கதவுகளின் காலம்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கட்சியின் காங்கிரஸ் உறுப்பினர்கள் வாஷிங்டனில் கூடி அதிபர் வேட்பாளரை முடிவு செய்வது வழக்கம். இந்தக் கூட்டத்தை எதிர்ப்பாளர்கள் 'ராஜா காகஸ்' என்று ஏளனம் செய்தார்கள். 1824 பிப்ரவரியில் கூடிய கூட்டத்துக்கு 66 உறுப்பினர்கள் மட்டுமே வந்தார்கள். முந்தைய ஆண்டு கடும் நோயில் விழுந்து முழுமையாகத் தேறாமலிருந்த கருவூலச் செயலாளர் வில்லியம் கிராஃபர்டை அவர்கள் வேட்பாளராக அறிவித்தார்கள். நாடு அதை ஏற்கவில்லை. டென்னசி சட்டமன்றம் ஆண்ட்ரூ ஜாக்சனை முன்மொழிந்தது; ஜான் குவின்சி ஆடம்ஸும் ஹென்றி கிளேயும் களத்தில் இருந்தார்கள்.

அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது, மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர் குழு. அதில் ஜாக்சன் 99 வாக்குகளும், ஆடம்ஸ் 84 வாக்குகளும், கிராஃபர்ட் 41 வாக்குகளும், கிளே 37 வாக்குகளும் பெற்றார்கள். எவருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் ஆடம்ஸ் அதிபரானார். அவரை ஆதரித்த கிளே வெளியுறவுச் செயலாளரானார். மக்கள் வாக்கிலும் முதலிடம் பிடித்திருந்த ஜாக்சனின் ஆதரவாளர்கள் இதை ஊழல் பேரம் என்றார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளும் அந்தக் குற்றச்சாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோய் 1828-இல் அவரை வெற்றிபெற வைத்தார்கள். காங்கிரஸ் உறுப்பினர்கள் கூடி அதிபர் வேட்பாளரை அறிவிக்கும் வழக்கம் 1824-உடன் முடிந்துபோனது.

மாநாடுகள்

1831 செப்டம்பரில் மேசன் எதிர்ப்புக் கட்சி என்ற சிறிய கட்சி பால்டிமோர் நகரில் தேசிய மாநாடு நடத்தி வேட்பாளரை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சியும் அதே நகரில் அதே வழியைப் பின்பற்றியது. மாநிலங்களிலிருந்து வரும் பிரதிநிதிகள் வெளிப்படையாக வாக்களிப்பதால், மூடிய அறைக் கூட்டத்தைவிட இது ஜனநாயகத்துக்கு நெருக்கமானதாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பிரதிநிதிகளை அனுப்பிவைத்தவர்கள் மாநிலக் கட்சித் தலைவர்கள். பதவிகளையும் ஒப்பந்தங்களையும் கையில் வைத்திருந்த அவர்கள் பேசி முடித்ததை மாநாடு கைதட்டி ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பங்கள் பல. வேட்பாளரைப் பிடிக்காத சாதாரண வாக்காளருக்கு இருந்த வழி கட்சியை விட்டு வெளியேறுவது ஒன்றுதான்.

அப்படி வெளியேறியவர்கள் சில தேர்தல்களின் முடிவையே மாற்றினார்கள். 1848-இல், அன்றைய இரு பெருங்கட்சிகளில் ஒன்றான விக் கட்சி அடிமைகளை உடைமையாக வைத்திருந்த தளபதி ஜக்கரி டெய்லரை நிறுத்தியது. ஜனநாயகக் கட்சி நிறுத்திய லூயிஸ் காஸ், புதிய பிரதேசங்களில் அடிமை முறையை அங்குள்ள குடியேறிகளே தீர்மானிக்கட்டும் என்றார். இருவரையும் ஏற்க முடியாத அடிமை முறை எதிர்ப்பாளர்கள் சுதந்திர மண் கட்சியைத் தொடங்கி, முன்னாள் அதிபர் மார்ட்டின் வான் பியூரனை நிறுத்திப் பத்து விழுக்காடு வாக்குகளைப் பெற்றார்கள். 1884-இல் குடியரசுக் கட்சி ஜேம்ஸ் பிளெய்னை அறிவித்தபோது, ரயில் நிறுவனங்களுடனான அவருடைய தொடர்புகளை ஊழலாகக் கண்ட கட்சிக்காரர்கள் பலர் எதிரணியின் குரோவர் கிளீவ்லாண்டுக்கு வாக்களித்தார்கள். 'மக்வம்ப்' என்று கேலி செய்யப்பட்ட இவர்கள் நியூயார்க்கில் வலுவாக இருந்தார்கள். கிளீவ்லாண்ட் அந்த மாநிலத்தை ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் வென்றார். அதிபர் பதவியும் அவருக்கே போனது.

மாநாட்டு முறை எந்த அளவுக்கு மக்களிடமிருந்து விலகிப்போகலாம் என்பதற்கு 1924-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாடு சாட்சி. வேட்பாளராக மூன்றில் இரண்டு பங்கு பிரதிநிதிகளின் வாக்கு தேவை என்பது அந்தக் கட்சியின் விதி. தெற்கிலும் மேற்கிலும் செல்வாக்குப் பெற்ற வில்லியம் மக்கடூவை, கத்தோலிக்கரையும் வெறுத்த வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானைச் சேர்ந்தவர்கள் ஆதரித்தார்கள். நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித் கத்தோலிக்கர். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அக்கட்சியின் மாநாடு முதன்முறையாக வானொலியில் ஒலிபரப்பானது. அகரவரிசைப்படி அலபாமா முதலில் அழைக்கப்படும். அதன் ஆளுநர் ஒவ்வொரு சுற்றிலும் எழுந்து, தம் மாநிலத்தின் 24 வாக்குகளும் அம்மாநில மேலவை உறுப்பினர் ஆஸ்கர் அண்டர்வுட்டுக்கே என்று ஒரே ராகத்தில் அறிவிப்பார். வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. ஜூன் 24-இல் தொடங்கிய மாநாடு ஜூலை 9 வரை நீடித்து, 103-ஆவது சுற்றில் வழக்கறிஞர் ஜான் டேவிஸைத் தேர்ந்தெடுத்தது.

டேவிஸ் ஜே.பி. மார்கன் வங்கிக்கு வாதாடியவர். குடியரசுக் கட்சியின் கால்வின் கூலிட்ஜ் பெருவணிகத்தின் நண்பர். விலை சரிந்து தவித்த உழவர்களும் தொழிற்சங்கங்களும் தங்களுக்காகப் பேச இருவரில் ஒருவரும் இல்லை என்று கருதினார்கள். விஸ்கான்சின் மேலவை உறுப்பினர் ராபர்ட் லா ஃபாலட் மூன்றாவதாகக் களமிறங்கி 16.6 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். ஆனால் அவர் வென்றது சொந்த மாநிலத்தை மட்டுமே.

பிரைமரியின் வருகை

லா ஃபாலட்டின் பெயர் இந்த வரலாற்றில் இன்னொரு காரணத்துக்காகவும் நிற்கிறது. கட்சித் தலைவர்களின் பிடியை உடைக்க, வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி முறையை விஸ்கான்சின் ஆளுநராக இருந்தபோது சட்டமாக்கப் போராடி வென்றவர் அவர். 1910-இல் ஓரிகன் மாநிலம் அதிபர் வேட்பாளருக்கும் பிரைமரியைக் கொண்டுவந்தது.

1912-இல் இந்த முறைக்கு முதல் பெருஞ்சோதனை வந்தது. பதவியிலிருந்த வில்லியம் டாஃப்டை எதிர்த்து முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சியின் பிரைமரிகளில் போட்டியிட்டு ஒன்பது மாநிலங்களை வென்றார். டாஃப்டின் சொந்த மாநிலமான ஓஹையோவும் அவற்றில் ஒன்று. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரியே இல்லை. கட்சி அமைப்பு டாஃப்டின் கையில் இருந்தது. சிகாகோ மாநாட்டில் சர்ச்சைக்குள்ளான 254 பிரதிநிதி இடங்களில் 235 டாஃப்ட் அணிக்கு வழங்கப்பட்டன. ரூஸ்வெல்ட் வெளியேறி முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். நவம்பரில் அவருக்கு 27 விழுக்காடு வாக்குகளும் டாஃப்டுக்கு 23 விழுக்காடு வாக்குகளும் கிடைத்தன. 42 விழுக்காடு பெற்ற ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் தேர்வாளர் குழுவில் 435 வாக்குகளை அள்ளிக்கொண்டார். ஆளும் அதிபருக்கு மிஞ்சியவை யூட்டா, வெர்மான்ட் என்ற இரண்டு சிறிய மாநிலங்கள்.

அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்குப் பிரைமரி ஓர் ஆலோசனைக் கருவியாகவே இருந்தது. 1952-இல் எஸ்டஸ் கிஃபாவர் ஜனநாயகக் கட்சியின் பிரைமரிகளில் பெரும்பாலானவற்றை வென்றார். மாநாடோ பிரைமரிகளில் போட்டியிடாத அட்லாய் ஸ்டீவன்சனை நிறுத்தியது. 1964-இல் குடியரசுக் கட்சியின் நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் பாரி கோல்ட்வாட்டரும் நெல்சன் ராக்ஃபெல்லரும் மோதினார்கள். இருவரையும் விரும்பாத வாக்காளர்கள், அப்போது சைகோனில் தூதராக இருந்த, பிரசாரத்துக்கே வராத ஹென்றி காபட் லாஜின் பெயரை வாக்குச்சீட்டில் கையால் எழுதி அவரை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கட்சி கடைசியில் கோல்ட்வாட்டரையே நிறுத்தியது.

1968: முறை உடைந்த ஆண்டு

வியட்நாம் போர், பிரைமரிக்கும் மாநாட்டுக்கும் இடையிலான இந்த முரண்பாட்டை இனி மூடிமறைக்க முடியாதபடி செய்தது. 1968 மார்ச்சில் போர் எதிர்ப்பாளர் யூஜீன் மெக்கார்த்தி நியூ ஹாம்ப்ஷயரில் 42 விழுக்காடு வாக்குகள் பெற்று அதிபர் லிண்டன் ஜான்சனை அதிர வைத்தார். மாத இறுதியில் தாம் மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். கலிபோர்னியா பிரைமரியில் வென்ற இரவில் சுடப்பட்ட ராபர்ட் கென்னடி மறுநாள் உயிரிழந்தார். ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய மாநாடு, ஒரு பிரைமரியிலும் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியது. வெளியே போராடிய இளைஞர்களைக் காவலர்கள் தடியால் அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பிரைமரிகளில் லட்சக்கணக்கானோர் போட்ட வாக்குகளுக்கு மதிப்பில்லை என்பதை அந்த மாநாடு அப்பட்டமாகக் காட்டியது. நவம்பரில் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சன் சுமார் ஐந்து லட்சம் வாக்குகள் முன்னிலையில் வென்றார். இரு கட்சிகளும் இன ஒதுக்கலைக் கைவிட்டதில் ஆத்திரமுற்ற தென்மாநில வெள்ளையர்களின் ஆதரவோடு மூன்றாவது வேட்பாளர் ஜார்ஜ் வாலஸ் ஐந்து மாநிலங்களைக் கைப்பற்றினார். வேட்பாளர்கள் மீதான அதிருப்தி எப்போதும் நல்ல நோக்கத்தை நோக்கியே பாயும் என்று சொல்ல முடியாது என்பதற்கு வாலஸ் பெற்ற வாக்குகள் சான்று.

தோல்விக்குப் பின் ஜனநாயகக் கட்சி அமைத்த மெக்கவர்ன்-ஃப்ரேசர் குழு, பிரதிநிதிகளை வெளிப்படையாக, தேர்தல் நடக்கும் ஆண்டிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், கறுப்பினத்தவர், பெண்கள், இளைஞர்களுக்கு உரிய இடம் தர வேண்டும் என்றும் விதி வகுத்தது. அதற்கு இணங்க மாநிலங்கள் வரிசையாகப் பிரைமரிக்கு மாறின. குடியரசுக் கட்சியும் அதே தடத்தில் வந்தது. கட்சித் தலைவர்களின் பேரம் ஓய்ந்தது.

மக்களே தேர்ந்தெடுத்த பின்னும்

அதிருப்தி ஓயவில்லை. 1972-இல் புதிய விதிகளின் கீழ் வென்ற ஜார்ஜ் மெக்கவர்னைக் கட்சியின் பழைய தூணான தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஆதரிக்க மறுத்தது. அவர் வென்றது மாசசூசெட்ஸையும் தலைநகர் வாஷிங்டனையும் மட்டுமே. கட்சித் தலைமைக்கு ஓரளவு செல்வாக்கை மீட்டுத் தர 1984 முதல் 'சூப்பர் பிரதிநிதிகள்' நியமிக்கப்பட்டார்கள். அதுவும் பின்னாளில் தொண்டர்களின் கோபத்துக்கு ஆளானது.

1992-இல் டெக்சாஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ சுயேச்சையாக நின்றார். தன்னார்வலர்கள் கையெழுத்துத் திரட்டி ஐம்பது மாநிலங்களின் வாக்குச்சீட்டிலும் அவர் பெயரை ஏற்றினார்கள். ஜூலையில் விலகி அக்டோபரில் திரும்பி வந்தபோதும் அவருக்கு 18.9 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1 கோடியே 97 லட்சம் வாக்குகள் விழுந்தன. தேர்வாளர் குழுவில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மெயின், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களிலும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அனைத்தும் போய்விடுகின்றன. நாடெங்கும் பரவிக்கிடக்கும் அதிருப்திக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. 2000-இல் மூன்றாவது அணி வேட்பாளர் ரால்ஃப் நேடர் ஃபுளோரிடாவில் 97 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். ஜார்ஜ் புஷ் அந்த மாநிலத்தையும் அதிபர் பதவியையும் 537 வாக்குகளில் வென்றார். மூன்றாமவருக்கு வாக்களித்தால் தமக்கு அறவே ஆகாதவர் வந்துவிடுவார் என்ற அச்சம் அதன்பின் இன்னும் ஆழமாக வேரூன்றியது.

2016-இல் அதிருப்தி உச்சத்தைத் தொட்டது. டொனால்ட் டிரம்பையும் ஹிலாரி கிளின்டனையும் பிடிக்கவில்லை என்றோர் விகிதம் கேலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பு வரலாற்றில் மிக அதிகமானவற்றுள் அடங்கும். வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் நடத்திய கணிப்பில் 18 விழுக்காட்டினர் இருவரையுமே பிடிக்கவில்லை என்றார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் டிரம்புக்கு வாக்களித்திருந்தார்கள். மிச்சிகனில் சுமார் 75 ஆயிரம் பேர் மற்றப் பதவிகளுக்கு வாக்களித்துவிட்டு அதிபர் இடத்தில் செல்லுபடியாகும் குறி எதுவும் இடாமல் விட்டார்கள். டிரம்ப் அந்த மாநிலத்தை வென்றது 10,704 வாக்குகளில். இத்தனைக்கும் இரு வேட்பாளர்களும் பிரைமரியில் முறைப்படி வென்று வந்தவர்கள். அந்த ஆண்டுப் பிரைமரிகளில் பங்கெடுத்தவர்கள் தகுதியுள்ள வாக்காளர்களில் சுமார் 28 விழுக்காட்டினர். பத்தில் மூன்று பேருக்கும் குறைவானோர் இரு அணியாகப் பிரிந்து எடுத்த முடிவை நவம்பரில் நாடு முழுவதும் சுமக்க வேண்டியிருந்தது.

அதிருப்தியை வாக்குச்சீட்டிலேயே பதிவு செய்ய நெவாடா மாநிலம் வழி வைத்திருக்கிறது. இந்தியாவில் நோட்டா வருவதற்கு 38 ஆண்டுகளுக்கு முன், 1975-இல், 'இவர்களில் எவருமில்லை' என்ற வரியை அங்கே சட்டம் சேர்த்தது. 2016 அதிபர் தேர்தலில் 28,863 பேர் அதைத் தேர்ந்தார்கள். அங்கே கிளின்டன் முன்னணி பெற்ற வாக்குகளைவிட அது அதிகம். 2024-இல் குடியரசுக் கட்சியின் நெவாடா பிரைமரியில் டிரம்பின் பெயர் இடம்பெறவில்லை. அதில் போட்டியிட்ட நிக்கி ஹேலி பெற்றதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட வாக்குகள் அந்த வரிக்கு விழுந்தன. ஆனால் அது முதலிடம் பிடித்தாலும் சட்டப்படி வெற்றி அடுத்து நிற்பவருக்கே.

அதே 2024 பிப்ரவரியில் மிச்சிகன் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர், காஸா போரில் அதிபர் ஜோ பைடனின் நிலைப்பாட்டைக் கண்டித்து, எவருக்கும் ஆதரவில்லை என்ற கட்டத்தில் குறியிட்டார்கள். அவருடைய வயது குறித்த கவலையும் கட்சிக்குள் பரவலாக இருந்தது. ஜூன் விவாதத்தில் தடுமாறிய பைடன் ஜூலை 21-இல் விலகினார். பிரைமரியில் போட்டியிடாத கமலா ஹாரிஸைப் பிரதிநிதிகள் வேட்பாளராக்கினார்கள். ஹம்ஃப்ரிக்குப் பிறகு அப்படி வந்த முதல் பெருங்கட்சி வேட்பாளர் அவர்தான்.

மாறியதும் மாறாததும்

இருநூறு ஆண்டுகளில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை காங்கிரஸ் உறுப்பினர்களிடமிருந்து கட்சித் தலைவர்களுக்கும், அவர்களிடமிருந்து பிரைமரி வாக்காளர்களுக்கும் கைமாறியது. இது மக்கள் போராடிப் பெற்ற உண்மையான முன்னேற்றம். இறுதி வாக்குகளைக் கணக்கிடும் முறையோ பெரும்பாலான மாநிலங்களில் 19-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றபடியே தொடர்கிறது. மூன்றாவது வேட்பாளருக்கு அதில் வாய்ப்பில்லாததால், இருவரில் ஒருவர் என்ற கட்டாயமும் தொடர்கிறது. வாக்காளர் தம் விருப்பத்தை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் முறையை அதிபர் தேர்தலில் மெயின் மாநிலம் 2020-இலும், அலாஸ்கா 2024-இலும் பயன்படுத்தத் தொடங்கின. முதல் விருப்பம் தோற்றால் வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போவதால், பிடித்தவருக்கு வாக்களிப்பது பிடிக்காதவருக்கு உதவியாகிவிடுமோ என்ற அச்சம் அங்கே குறைகிறது. வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை வாக்காளரின் அதிருப்தி முன்பு மாற்றியது; வாக்குகளை எண்ணும் விதிகளை மாற்றும் வேலையை அது இந்த இரண்டு மாநிலங்களில்தான் தொடங்கியிருக்கிறது.