ஜூல் தீஃப் மின்சுற்று

ஜூல் தீஃப் என்பது 1.5 வோல்ட்டோ அதற்கும் குறைவாகவோ தரும் ஒற்றை மின்கலத்தைக் கொண்டு, சுமார் 3 வோல்ட் தேவைப்படும் வெள்ளை எல்.ஈ.டி.யை எரியவைக்கும் எளிய மின்சுற்று. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை, ஃபெரைட் வளையத்தில் சுற்றிய இரட்டைச் சுருள் ஆகியவற்றோடு எல்.ஈ.டி.யும் சேர்ந்தால் சுற்று முடிந்துவிடும். டார்ச்சிலும் கடிகாரத்திலும் உழைத்து ஓய்ந்த பேட்டரியில் மிஞ்சியிருக்கும் ஆற்றலையும் இது எடுத்துக்கொள்வதால், மின்னணுவியல் பழகுவோர் பலருக்கு இதுவே முதல் செய்முறையாக அமைகிறது.

இச்சுற்றின் தேவை எல்.ஈ.டி.யின் இயல்பிலிருந்து எழுந்தது. எல்.ஈ.டி. குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தொடும்வரை ஏறக்குறைய மின்னோட்டத்தையே விடாது. 1962-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் உருவாக்கிய வகையைச் சேர்ந்த சிவப்பு எல்.ஈ.டி.களுக்கே ஏறத்தாழ 1.6 முதல் 2 வோல்ட் வேண்டும். ஒற்றைக் கலத்தால் அதைத் தர இயலாது. 1970களில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் வெளியிட்ட எல்.எம்.3909 என்ற சில்லு இதற்கு ஒரு வழி கண்டது. அது மின்தேக்கி ஒன்றை மின்னேற்றி, அதன் அழுத்தத்தைக் கலத்தின் அழுத்தத்தோடு தொடராகக் கூட்டி எல்.ஈ.டி.யை மினுக்கியது. நடுத்தர அளவுக் கலம் ஒன்றில் ஓராண்டுக்கு மேல் மினுக்கக்கூடியது என்றாலும், தொடர்ந்த வெளிச்சம் தருவது அதன் நோக்கமன்று. 1990களில் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை உருவாக்கினார், அதன்மீது ஒளிர்பொருள் பூசிய வெள்ளை எல்.ஈ.டி. 1996-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு 3 முதல் 3.6 வோல்ட் தேவை. மூன்று கலங்களைத் தொடராக இணைத்து, மிகையான அழுத்தத்தை மின்தடையில் வெப்பமாக விரயம் செய்வதே அப்போது வழக்கமாக இருந்தது.

தீர்வுக்கான அடிப்படை ஏற்கெனவே இருந்தது. சுருளின் வழியாகத் தன் வெளியீட்டைத் தானே உள்ளீட்டுக்குத் திருப்பி, விட்டுவிட்டு இயங்கும் ‘பிளாக்கிங்’ அலையியற்றி 1930களிலேயே வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் வரியோட்டச் சுற்றுகளிலும், பின்னாளில் 1.5 வோல்ட் கலத்திலிருந்து சில நூறு வோல்ட் எடுக்கும் கேமரா ஃபிளாஷ்களிலும் அதே கொள்கை பணிபுரிந்தது.

எல்.ஈ.டி.க்காக அதைச் சுருக்கித் தந்தவர் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரைச் சேர்ந்த இசட். கபர்னிக். ‘எவ்ரிடே பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் 1999 நவம்பர் வெளியீட்டில், வாசகர்களின் சுற்றுகளுக்கான பகுதியில் அவரது குறிப்பு வந்தது. சுற்றை வரைந்து காட்டியதோடு அவர் நிற்கவில்லை, அளந்தும் பார்த்தார். அவர் சோதித்த மூன்று டிரான்சிஸ்டர்களில் இசட்.டி.எக்ஸ்.650 79 விழுக்காடும், இசட்.டி.எக்ஸ்.450 73 விழுக்காடும், எங்கும் மலிவாகக் கிடைக்கும் பி.சி.550 57 விழுக்காடும் பயனுறுதிறன் தந்தன. இவ்வளவு சிறிய சுற்றில் ஒரே ஓர் உறுப்பை மாற்றியதால் விளைந்த வேறுபாடு இது. இந்த அளவீடுதான் அக்குறிப்பின் தனிச்சிறப்பு.

2002-இல் கிளைவ் மிட்செல் இதையே பி.சி.549 டிரான்சிஸ்டர், 1000 ஓம் மின்தடை, இரட்டைச் சுருள், வெள்ளை எல்.ஈ.டி. என்ற அளவுக்கு எளிமையாக்கி ஜூல் தீஃப் என்று பெயரிட்டார். உலகெங்கும் பரவியது இந்த வடிவமே. செய்வதற்கு எளிது என்பதால் அது பரவியது. பயனுறுதிறனில் அதுவே சிறந்ததென்று கொள்ளக் கூடாது.

சுற்று இயங்கும் முறை இது. மின்தடையின் வழியாக டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு (பேஸ்) சிறு மின்னோட்டம் சென்றதும் டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்குகிறது. ஏற்பானோடு (கலெக்டர்) இணைந்த முதல் சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது. அது இரண்டாம் சுருளில் தூண்டும் அழுத்தம் அடிவாய் மின்னோட்டத்தை மேலும் கூட்டுவதால் டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறந்துகொள்கிறது. ஃபெரைட் வளையம் காந்தத் தெவிட்டலை எட்டும்போதோ, அடிவாய் மின்னோட்டம் தாங்கக்கூடிய எல்லையை ஏற்பான் மின்னோட்டம் தொடும்போதோ ஏற்றம் தடைப்படும். உடனே தூண்டல் திசை மாறி டிரான்சிஸ்டர் சட்டென மூடிவிடுகிறது. சுருளில் தேங்கிய ஆற்றலுக்கு வேறு வழியில்லை. கலத்தின் அழுத்தத்தோடு தன் அழுத்தத்தையும் கூட்டி எல்.ஈ.டி.யின் வழியே பாய்கிறது. வினாடிக்குப் பல்லாயிரம் முறை இது நிகழ்வதால் கண்ணுக்கு ஒளி இடைவிடாமல் தெரிகிறது. இரண்டு சுருள்களில் ஒன்றின் முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் சுற்று இயங்காது. புதிதாகச் செய்வோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே.

குறைந்த அழுத்தத்தில் ஒவ்வொரு பத்தில் ஒரு வோல்ட்டும் பெரிது. கலம் 1.2 வோல்ட் தரும்போது, திறந்த நிலையில் டிரான்சிஸ்டரின் குறுக்கே 0.2 வோல்ட் நின்றால், சுருளை நிரப்பும் கட்டத்தில் கலம் தரும் ஆற்றலில் ஆறில் ஒரு பங்கு அங்கேயே வெப்பமாகிறது. கபர்னிக் கண்ட வேறுபாட்டின் காரணம் இதுதான். திறந்த நிலையில் குறுக்கே நிற்கும் இந்தத் தெவிட்டு அழுத்தம் குறைந்த டிரான்சிஸ்டர் கூடுதல் பயன் தரும். அடிவாய் மின்தடையின் மதிப்பைக் குறைத்தால் வெளிச்சம் கூடும். ஆனால் கலத்திலிருந்து உறிஞ்சப்படும் மின்னோட்டமும் கூடும். அதனால் ஆர்வலர்கள் மின்தடைக்கு இணையாகச் சிறு மின்தேக்கியை வைத்து டிரான்சிஸ்டர் விரைவாகத் திறந்து மூடச் செய்தனர்; தடித்த கம்பியால் சுருளின் தடையைக் குறைத்தனர். சிலிக்கான் டிரான்சிஸ்டர் தொடங்க சுமார் 0.6 வோல்ட் தேவை. பழைய ரேடியோக்களிலிருந்து எடுத்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு அதில் பாதியும் வேண்டாம். இம்மாற்றங்களின் பயனை வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது; துடிப்பாக வரும் ஒளியின் அளவைக் கண் சரியாக மதிப்பிடாது. உள்ளே செல்லும் திறனையும் எல்.ஈ.டி.க்குச் செல்லும் சராசரித் திறனையும் அளந்து ஒப்பிடுவதே நம்பத்தக்க முறை.

கலத்தை வற்றும்வரை கறப்பதில் ஆபத்தும் உண்டு. ஆழமாக வடிந்த அல்கலைன் கலங்கள் கசிந்து கருவியை அரிக்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போன்ற மறுமின்னேற்றக் கலங்கள் சுமார் 0.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஆயுள் குறையும். ஆகவே அவற்றுக்குக் கட்டுப்பாடற்ற ஜூல் தீஃப் ஏற்றதன்று.

சூரிய ஒளியில் மின்னேறும் தோட்ட விளக்குகளில், அழுத்தத்தை உயர்த்தும் இதே வேலையை க்யூ.எக்ஸ்.5252 போன்ற நான்கு கால் சில்லுகள் செய்கின்றன. ஒரேயொரு சுருள் சேர்த்தால் போதும். அதன் தூண்டல் மதிப்பே எல்.ஈ.டி.யின் மின்னோட்டத்தை முடிவு செய்கிறது. பழுதான விளக்குகளிலிருந்து இச்சில்லுகளைக் கழற்றி வேறு விளக்குகளுக்குப் பயன்படுத்துவதும் ஆர்வலர்களிடையே வழக்கம். கலமே இல்லாத இடத்திலும் இவ்வாறு அழுத்தத்தை உயர்த்தலாம். 2013-இல் கனடா மாணவி ஆன் மகோசின்ஸ்கி, உள்ளங்கை வெப்பத்தைப் பெல்டியர் தகடுகளால் மின்சாரமாக்கி, அதன் மிகச் சிறிய அழுத்தத்தை மின்மாற்றி கொண்ட சுற்றால் உயர்த்தி எரியும் டார்ச்சை உருவாக்கி, கூகுள் அறிவியல் கண்காட்சியில் தம் வயதுப் பிரிவில் வென்றார். இத்தகைய மிகச் சிறிய அழுத்தங்களுக்கென லீனியர் டெக்னாலஜி நிறுவனம் உருவாக்கிய எல்.டி.சி.3108 சில்லு, 1:100 மின்மாற்றியோடு சேர்ந்து 0.02 வோல்ட்டிலேயே இயங்கத் தொடங்குகிறது.