டிரெட்மில்: சிறையில் பிறந்த ஒரு மரபுத்தொடர்

ஓயாமல் உழைத்தும் இருந்த இடத்திலேயே நிற்பதை ஆங்கிலத்தில் 'டிரெட்மில்லில் இருப்பது' என்பர். வாங்கும் சம்பளம் முழுவதும் வட்டிக்கே போகும் குடும்பத்தலைவரின் நிலைக்கு இத்தொடர் பொருந்தும். தமிழில் இதற்கு நெருங்கிய வழக்கு 'செக்குமாடு போல' என்பதாகும். உடற்பயிற்சிக் கூடத்து ஓடுபொறியிலிருந்து இத்தொடர் வந்தது எனப் பலரும் கருதுவர். உண்மையில் அது இங்கிலாந்துச் சிறைகளிலிருந்து வந்தது.

1818-ஐ ஒட்டி வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் கைதிகளுக்காக ஒரு மிதிசக்கரத்தை வடிவமைத்தார். 1821-இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அமைந்த சக்கரம் பெரும் புகழ் பெற்றது. கிடையாகப் படுத்த நீண்ட உருளை; அதைச் சுற்றிலும் படிகள். கைதிகள் மேலே உள்ள கம்பியைப் பிடித்தபடி வரிசையாக நின்று படியேற வேண்டும். மிதித்த படி உடனே கீழிறங்கிவிடும். அடுத்த படிக்குக் காலைத் தூக்கியே ஆக வேண்டும். இப்படி ஒரே நாளில் ஆயிரக்கணக்கான அடி ஏறுவார்கள். நின்ற இடமோ மாறாது!

சில சிறைகளில் இச்சக்கரம் தானியம் அரைத்தது, நீர் இறைத்தது. பல இடங்களில் எதனோடும் இணைக்கப்படாமல் வெறுமனே சுழன்றது. அதனைக் 'காற்றை அரைப்பது' என்றே கேலியாகக் குறிப்பிட்டனர். பயனற்ற உழைப்பே தண்டனை என்ற எண்ணம் இதில் வெளிப்படையாகத் தெரிகிறது. நியூயார்க் சிறைச் சக்கரத்தைப் பற்றி 1824-இல் நூல் எழுதிய ஜேம்ஸ் ஹார்டியும், கைதிகளை அச்சுறுத்தியது வேலையின் கடுமையன்று, அதன் மாறாத ஒரே சீர்தான் என்று கருதினார். 1895-இல் கடுங்காவல் தண்டனை பெற்ற எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும் இச்சக்கரத்தை மிதித்தவரே.

1898-ஆம் ஆண்டுச் சிறைச்சட்டம் இங்கிலாந்தில் இதற்கு முடிவு கட்டியது. ஆனால் அதே ஆங்கில அரசின் கோயம்புத்தூர்ச் சிறையில், பத்தாண்டுகளுக்குப் பின்னும், வ.உ.சிதம்பரனார் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுக்க வைக்கப்பட்டார். அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் உள்ளது. அங்கே எண்ணெயாவது கிடைத்தது. பிரிக்ஸ்டன் வகைச் சக்கரங்கள் பலவற்றில் அதுவும் இல்லை.

சக்கரம் மறைந்தபின் சொல் மட்டும் தங்கியது. இதய நோயாளிகளை நடக்கவிட்டுச் சோதிக்கும் 'டிஎம்டி' பரிசோதனையின் பெயரிலும் அதுவே உள்ளது. 1971-இல் பிரிக்மன், கேம்பெல் என்னும் உளவியலாளர்கள் இச்சொல்லை மனித மகிழ்ச்சிக்கும் பொருத்தினர். வருமானம் உயர உயர ஆசையும் உயர்வதால், மனநிறைவு பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து.