மருந்தளவு கண்ட வரலாறு

துப்பாக்கி என்னுஞ் சொல் துருக்கியர் வழியாக நம் நாட்டிற் புகுந்து பல நூற்றாண்டுகளாயின. அக்கருவியைப்பற்றி நம்மவர் பேசுவன பெரும்பாலும் அதன் குழலையும் குறியையும் பற்றியனவே. அதனுள் இடும் மருந்து யாது, எவ்வளவு, அவ்வளவை முதலிற் கண்டார் யாவர் என்று வினவுவார் சிலரே. யான் இதனை ஆராயப் புகுந்ததற்குக் காரணமொன்றுண்டு. என் பாட்டனாருடைய தமையனார் காட்டுப்பன்றிகளை விரட்டுதற்கு நாட்டுத் துப்பாக்கியொன்று வைத்திருந்தார். கருமருந்தைச் சிறு மூங்கிற்குழாயால் அளந்திடுவது அவர் வழக்கம். ஒருநாள் யாரோ கொணர்ந்த பழந்தோட்டாக்களைப் பிரித்து, உள்ளிருந்த மருந்தை அதே குழாயால் அளந்து கெட்டித்தார். குழல் பிளந்தது, இடக்கையில் மூன்று விரல்கள் போயின. "அளவு தப்பவில்லையே, தம்பி" என்று என் பாட்டனாரிடம் இறுதிவரையிற் சொல்லிக்கொண்டிருந்தாராம். அளவு தப்பவில்லை என்பது மெய்யே. தப்பியது யாது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றுங் கூடிய கருமருந்தொன்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரையில் உலகெங்கும் துப்பாக்கிக்கு உணவாயிருந்தது. அது மந்தமான மருந்து. சிறிது மிகினும் பெரும்பாலும் பொறுக்கும். ஆதலின் அக்காலத்தார் அதனைக் கொம்பாலும் குழாயாலும் முகந்தே அளந்தனர். உள்ளங்கையிற் குண்டை வைத்து அது மறையும்வரை மருந்தைச் சொரிந்து, அதுவே அளவெனக் கொண்ட வேட்டுவரும் அமெரிக்க நாட்டில் இருந்தனர்.

இவ்வாறு கைப்பழக்கமாய்க் கிடந்ததனைக் கணக்காக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். கனத்த மரப்பலகையை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதன்மேற் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு பின்வாங்கிற்று என்பதனை ஒரு நாடாவால் அளந்து, அதனின்று குண்டின் வேகத்தைக் கணித்தார். துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கு மேல் ஓடுகின்றதென்று இதனால் வெளிப்பட்டது. 1742-இல் இவர் வெளியிட்ட நூலை ஆய்லர் என்னும் பெருங்கணிதர் 1745-இல் விரிவுரையுடன் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். நமக்கு இதனினும் வியப்பாவது, இப்பேரறிஞர் உயிர்நீத்த இடம். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கோட்டைகளைச் செப்பஞ்செய்யும் பொறியாளராக 1750-இல் இந்நாடு போந்து, மறு ஆண்டு ஜூலைத் திங்களில் நம் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையிற் காய்ச்சலால் மாண்டார். தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்குச் செல்லும் நம்மவருள் இதனை நினைவார் எத்துணையர்?

வேகம் தெரிந்தது, குழலினுள் எழும் அழுத்தம் தெரிந்திலது. அதனை அமெரிக்கப் படைத்தலைவர் ராட்மன் செம்புத்தகட்டிற் பதியும் வடுவாலும், பின்னர் இங்கிலாந்தின் ஆண்ட்ரு நோபிள் நசுங்கும் செப்புருளையாலும் அளந்தனர். ராட்மன் கண்ட மற்றொன்று மருந்தின் உருவம். வைக்கோல் நொடியில் எரிந்தடங்கும், வேலங்கட்டை நின்றெரியும். அவ்வாறே பொடிமருந்து ஒருங்கே எரிந்து குழலைத் தாக்கும். பெருமணி மருந்தோ மெல்ல எரிந்து குண்டைத் தள்ளிச் செல்லும். மணியில் துளையிட்டால், எரிய எரியத் துளை விரிந்து எரிபரப்புக் குறையாது நிற்கும். இன்றும் மருந்து தேர்வார் முதலிற் பார்ப்பது இவ்வெரிவேகத்தையே. கைத்துப்பாக்கிக்கு விரைந்தெரிவதும், கனத்த குண்டெறியும் ரைபிளுக்கு மெல்லெரிவதும் உரியன.

1884-இல் பிரெஞ்சு அறிஞர் பால் வியேல் புகையற்ற மருந்தைக் கண்டார். அதற்கென்றே 1886-இல் லெபெல் ரைபிள் அமைந்தது. 1889-இல் ஏபெல், டூவர் என்னும் இருவர் இங்கிலாந்திற் கார்டைட் செய்தனர். கயிறுபோல் நீண்டிருந்தமையின் அப்பெயர். 1903-இல் நீலகிரியில் அருவங்காட்டிலே எழுந்த தொழிற்சாலை இம்மருந்தின் பெயரையே தாங்கிற்று. இதன் வலிமையை ஒரு கணக்காற் காட்டுவேன். பிரிட்டிஷ் படையின் 303 தோட்டாவில் முதலில் இட்ட கருமருந்து 71½ கிரெயின். 1891-இல் அதே தோட்டாவிற்குக் கார்டைட் ஏறத்தாழ 31 கிரெயினே போதியதாயிற்று. கிரெயின் என்பது நம் தட்டார் நிறுக்கும் குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி. ஆகவே முப்பத்தாறு குன்றிமணி செய்த வேலையைப் பதினாறே செய்தன. வேகமும் முன்னதினும் மிகுந்தது.

இடர் இங்கேதான் புகுந்தது. ஒரு படி பொரியும் ஒரு படி அரிசியும் படியால் ஒன்று, பசியாற்றுவதில் ஒன்றாகா. புகையற்ற மருந்திலும் கருமருந்தின் அளவுக்கு அளவு இடத்தக்க பொரிபோன்ற இலேசான வகையொன்று இருந்தது. அரிசிபோன்ற அடர்ந்த வகையும் இருந்தது. முன்னதிற் பழகியவர் பின்னதனையும் அதே குழாயால் முகந்திட, குழல்கள் பிளந்தன. யாப்பில் ஒரு மாத்திரை மிகின் ஓசையே கெடும். ஈண்டு மிகின் கையே போம். அமெரிக்காவில் ஜான் பார்லோ 1884-இல் நிறுவிய ஐடியல் கம்பெனியார் மருந்தளவு கூறும் கைந்நூல்களை வெளியிட்டனர். அக்கம்பெனி 1925-இல் லைமன் என்பாரிடம் சேர்ந்தது. அவ்வரிசை நூல் இன்றும் புதுக்கி அச்சிடப்படுகின்றது.

இத்தகைய நூலில் ஒவ்வோர் அளவும் சோதனைக்குழலிற் சுட்டு அழுத்தம் பார்த்து எழுதியது. 30-06 தோட்டாவிற்குச் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு எல்லை. பழைய 45-70 தோட்டாவிற்கு 28,000-தான். கூடு, குண்டின் எடை, வெடிமூடி, குண்டு அமரும் ஆழம் ஆகிய யாவும் அந்நூலிற் கூறியவாறே அமையவேண்டும். அமைந்தவிடத்தும், உச்ச அளவிற் பத்திலொரு பங்கு குறைத்துத் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறுதலே மரபு.

பெயரொன்றாயினும் மருந்து ஒன்றாகாமையும் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் எஞ்சிய 4895 என்னும் படைமருந்தை ஹாட்ஜ்டன் என்பவர் மொத்தமாக வாங்கிப் பொதுமக்களுக்கு விற்றார். படைக்கெனச் செய்த மருந்தில் ஈட்டுக்கு ஈடு எரிவேகம் சிறிது வேறுபடும். ஆலையார் ஒவ்வோர் ஈட்டையும் சோதித்து அதற்கேற்ற அளவு வகுத்துக்கொள்வர். கடையில் டப்பியில் விற்பதோ, ஈடுகளைக் கலந்து என்றும் ஒரே வேகத்தில் நிறுத்தியது. நூலின் அளவுகள் அதற்கே பொருந்தும். ஆகவே, தோட்டாவைப் பிரித்தெடுத்த மருந்துக்கு எந்நூலிலும் அளவில்லை. நிறமும் மணியுருவும் பார்த்து இன்ன மருந்தென்று சொல்ல வல்லாரும் இல்லை. பெயர்ச்சீட்டு இழந்த மருந்தை அந்நாட்டுப் பழந்தேர்ச்சியாளர் செடிகளுக்கு உரமாகத் தூவிவிடுவர். என் பெரிய பாட்டனார் அன்று மூங்கிற்குழாயால் முகந்தது அத்தகைய மருந்தையே.