எண்ணெய்ப் பாறையில் பேரைட் படிவு

எண்ணெய் தேங்கியிருக்கும் பாறையின் நுண்துளைகளிலும் கிணற்றுக் குழாய்களிலும் பேரியம் சல்ஃபேட் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதே பேரைட் படிவு. எண்ணெய் வயல்களில் இவ்வகை உப்புப் படிவுகள் எல்லாவற்றையும் பொதுவாக 'ஸ்கேல்' என்பார்கள். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் பிடிக்கும் வெள்ளைக் கறையும் ஒருவகை ஸ்கேல்தான். அது அமிலம் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும், பேரைட் அசையாது. 25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ இரண்டரை மில்லிகிராம்தான் கரையும். வயிற்று எக்ஸ்ரேக்கு முன் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் கலவை இதே பொருள். கரையாததால்தான் அதிலுள்ள பேரியம் உடம்பில் சேர்ந்து நஞ்சாவதில்லை.

வடகடலில் பேரைட் படிவு பெரும்பாலும் வரவழைத்துக்கொண்ட வினை. எண்ணெய் எடுக்க எடுக்கப் பாறையில் அழுத்தம் குறைவதால், கடல்நீரை உள்ளே செலுத்தி ஈடுகட்டுகிறார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்ஃபேட் உண்டு. பாறையில் நெடுங்காலம் ஊறிய உப்புநீரில் பேரியம் உண்டு. தனித்தனியே இரண்டும் தெளிவாகவே இருக்கும், கலந்ததும் படிகம் விழும். பிரிட்டன் பகுதியிலுள்ள மில்லர் வயலில் நாளுக்கு 30,000 பீப்பாய் தந்த கிணறு ஒன்று 24 மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் போனது.

பாறையின் துளைகள் எல்லாம் நிரம்பினால்தான் ஓட்டம் நிற்கும் என்பதில்லை. மணல் துகள்களுக்கு இடையே அகன்ற அறைகளும் அவற்றை இணைக்கும் குறுகிய கழுத்துகளும் இருக்கின்றன. கழுத்தில் நாலு படிகம் வளர்ந்தால் போதும்; அறை காலியாக இருந்தும் பயனில்லை. நுண்துளைகளின் கொள்ளளவு சிறிதே குறைய, ஊடுருவுதிறன் பன்மடங்கு சரிவது இதனால்தான். எண்ணெய் நாலாபுறமிருந்தும் கிணற்றை நோக்கி நெருங்கி வருவதால், கிணற்றைச் சுற்றிய சில அடிப் பாறை கெட்டாலே உற்பத்தி படுத்துவிடும். இந்தச் சேதத்தைப் பொறியாளர்கள் 'ஸ்கின்' என்ற எண்ணால் குறிக்கிறார்கள்.

உப்புநீரிலுள்ள ரேடியமும் பேரியத்தோடு சேர்ந்தே படிவதால், கழற்றிய குழாய்களைக் கதிரியக்கக் கழிவாகக் கையாள வேண்டிவரும்.

விழுந்த பேரைட்டை டிடிபிஏ போன்ற கரைப்பான்கள் மெல்லத்தான் கரைக்கும். குழாயில் படிந்ததைச் சுரண்டியாவது எடுக்கலாம். பாறைக்குள் கை எட்டாது. ஆகவே முன்காப்புக்கே மதிப்பு அதிகம். பாஸ்போனேட் மருந்தைக் கிணற்றின் வழியே பாறைக்குள் அழுத்தி, சில மணி நேரம் கிணற்றை மூடிவைப்பார்கள். பாறையில் ஒட்டிய மருந்து, பின்னர் வரும் நீரில் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசிந்து படிக வளர்ச்சியைத் தடுக்கும். தீர்ந்ததும் மறுபடி செலுத்த வேண்டும். வேறு வழி, செலுத்தும் கடல்நீரிலிருந்தே சல்ஃபேட்டைச் சவ்வுகளால் வடித்துவிடுவது. வடகடலின் பிரே வயலில் 1980களின் பிற்பகுதியில் இம்முறை நடைமுறைக்கு வந்தது.