கரிந்தேரியாவில் ஒரு தமிழ்ச் சொல்

மதகடிப்பட்டு சந்தைக்கு வருபவர் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் "என்ன கறி இருக்கு?" என்று கேட்பார். பிலிப்பைன்ஸ் நாட்டிலோ அப்படிப்பட்ட சின்னச் சாப்பாட்டுக் கடையின் பெயரிலேயே கறி இருக்கிறது! அங்கே அதற்குப் பெயர் 'கரிந்தேரியா'. 'கரி' என்ற தகலோக் சொல்லிலிருந்து வந்தது; அதற்கு மூலம் தமிழின் 'கறி' என்கிறார்கள்.

1761-ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள், 1762-ல் சென்னையிலிருந்து கப்பலேறிப் போய், ஸ்பெயின் வசமிருந்த மணிலாவையும் பிடித்தார்கள். அந்தப் படையில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-ல் படை திரும்பியபோது சிலர் மட்டும் திரும்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் காயின்தா என்ற ஊரில் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார்கள்.

மாட்டுவாலை வேர்க்கடலைக் குழம்பில் வேகவைக்கும் 'கரே-கரே' அவர்கள் கைப்பக்குவம் என்பது ஒரு கருத்து. மறுப்பவர்களும் உண்டு. தளபதி டிரேப்பர் பெயர் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. ஊர் திரும்பாத சிப்பாய்களை நினைவுபடுத்துவது ஒரு தட்டுக் குழம்புதான்.